நாத்தங்காலே கெட்டுப்போனா

ரெண்டு வாரமா இங்க எதுவும் எழுதலை. கம்ப்யூட்டர் படுத்துக்கிச்சு.

விண்டோஸ் அப்டேட் ஓடிக்கிட்டிருந்தப்ப கரண்ட் போயிடுச்சு. யூபிஎஸ் பேட்டரி செத்து நாளாச்சு, மாத்தாம தள்ளிப்போட்டது என் தப்பு. மறுபடி போட்டா திரை வருது, ஸ்டார்ட் பட்டனை அமுக்கினா அசையலை. எந்த ஃபோல்டரைத் தொட்டாலும் திறந்த வேகத்துல மூடிக்குது. கடைக்காரத் தம்பிகிட்ட போன்ல கேட்டேன். "ஃபார்மட் போட்டுரலாங்ணா, டெஸ்க்டாப்புல இருக்கறதெல்லாம் போயிரும், பரவால்லீங்களா?"ன்னான்.

மஞ்சள் கணக்கு போனா போகுது. எங்கம்மா சாகறதுக்கு முந்தின வருசம் திண்ணையில உக்காந்து, எங்க காட்டுல ஒவ்வொரு துண்டுக்கும் என்ன பேரு, ஏன் அந்தப் பேருன்னு சொன்ன பதிவு அங்கதான் கெடக்குது. வேற எங்கயும் இல்லை.

கோயமுத்தூர்ல இருக்கற மகளைக் கூப்பிட்டேன். "ஒண்ணும் நடக்கலைன்னா டிஸ்க்கைக் கழட்டி எடுத்துக்கலாம்ப்பா, பயப்படாதீங்க. முதல்ல நான் சொல்றதை அடிங்க"ன்னா.

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அமுக்கினா டாஸ்க் மேனேஜர் வருது. அதுல புது டாஸ்க்னு போய் சிஎம்டி அடிச்சு, அட்மினிஸ்ட்ரேட்டர் கட்டத்துல டிக் போட்டா கறுப்புத் திரை. அதுல எஸ்எஃப்சி, ஒரு இடம், சாய்கோடு, ஸ்கேன்நவ். நான் ஸ்கேனுக்கும் நவ்வுக்கும் நடுவுல இடம் விட்டுட்டேன், என்னென்னமோ விளக்கம் ஓடுச்சு. திருத்தி அடிச்சேன். நூறு சதம் ஓடி முடிச்சு, கெட்ட ஃபைல் இருக்குது, சிலதைச் சரி பண்ண முடியலைன்னுருச்சு.

ஏன்னு மகள் சொன்னதை நான் இப்படிப் புரிஞ்சுக்கிட்டேன். கம்ப்யூட்டருக்குள்ளயே ஒரு நாத்தங்கால் இருக்குது. வயல்ல பயிர் செத்த இடத்துல எஸ்எஃப்சி அங்கிருந்து நாத்தைப் பிடுங்கி நடுது. நாத்தங்காலே கெட்டிருந்தா? வெளியிருந்துதான் கொண்டாரணும். அதுக்கு வேற கட்டளை: டிஸ்ம், அப்புறம் ஆன்லைன், க்ளீனப்-இமேஜ், ரெஸ்டோர்ஹெல்த், ஒவ்வொண்ணுக்கும் முன்னால ஒரு இடமும் சாய்கோடும். அது நெட்டுல மைக்ரோசாஃப்ட்கிட்ட இருந்து நல்ல ஃபைலை வாங்கி நாத்தங்காலைச் சரி பண்ணுது.

போன் ஹாட்ஸ்பாட்டைப் போட்டு ஓட்டினேன். 62.3-ல வந்து நின்னுருச்சு. அசையவே இல்லை. கரண்ட் எப்பப் போகுமோன்னு ஃபேனையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். "அது அங்க நிக்கும்ப்பா, மூடிராதீங்க"ன்னா. மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வந்தா நூறு.

மறுபடி எஸ்எஃப்சி. இந்தத் தடவை எல்லாம் சரி பண்ணிட்டேன்னு வந்துச்சு. ரீஸ்டார்ட் போட்டேன், ஃபோல்டர் திறந்துச்சு. முதல் வேலையா பென் டிரைவ்ல ஏத்திட்டு, மகளுக்கும் ஒண்ணு அனுப்பிட்டு, அப்புறந்தான் போட்டுக் கேட்டேன். கெணத்துமேட்டுத் துண்டைப் பத்திச் சொல்லும்போது நடுவுல மாடு கத்துது. "இருடி, வர்றேன்"னு அதுக்கும் பதில் சொல்லுது அம்மா.

பேட்டரிக்குச் சொல்லியாச்சு.