கண்டி நகரின் பந்தி

அரண்மனையைக் கண்டு நகரத்தை அறிந்துவிட்டதாக எண்ணுவோர் உண்டு. அடுப்பங்கரைக்கும் செல்ல வேண்டும் என்பது நமது கருத்து. மன்னர்களின் பெயர்கள் கல்லில் நிலைத்துவிடுகின்றன. உழைத்த மக்களின் வரலாறோ பெரும்பாலும் அவர்களுடைய சோற்றிலும் குழம்பிலுமே தங்கியிருக்கிறது.

கண்டிக்கு அண்மையிலுள்ள மடவளையில் நண்பர் ஒருவரின் இல்லத்தில் சில நாட்கள் தங்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. அங்கிருந்து மகாவலியைக் கடந்து நகருக்குள் சென்றோம்.

நகரின் நடுவே ஏரி. வயலாக இருந்த நிலத்தில் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வெட்டுவித்தது. மண் சுமந்தவர்களோ இராஜகாரியம் என்ற பெயரில் கூலியின்றி உழைத்த குடிமக்கள். கண்ணுசாமி என்பது அம்மன்னனின் இயற்பெயர். 1739 முதல் கண்டியை ஆண்ட நாயக்கர் மரபினன். 1815 மார்ச் 2 அன்று, மரத்தூண்கள் வரிசையிட்ட மகுல் மடுவையில் நாடு ஆங்கிலேயரிடம் ஒப்படைக்கப்பட்டது. மன்னன் வேலூருக்கு நாடு கடத்தப்பட்டு 1832இல் அங்கேயே மாண்டான்.

தலதா மாளிகையைச் சூழ நான்கு தேவாலயங்கள் உள்ளன. அவற்றுள் ஒன்றில் கோயில் கொண்ட பத்தினித் தெய்வம் வேறு யாருமல்லள், நம் கண்ணகியே. கதிர்காமக் கந்தனுக்கும் ஓர் ஆலயம் உண்டு. எசல பெரகராவில் இத்தேவாலயங்களின் ஊர்வலங்களும் சேர்ந்தே செல்கின்றன. ஓரினத்தின் தனிச்சொத்தாகப் பண்பாட்டைக் காட்ட முயல்வோர், இந்த வீதியில் சற்று நின்று பார்க்கட்டும்.

கண்டி இராச்சியத்தில் பொதிமாடுகளின் தவளம் நடத்தி, உப்பையும் கருவாட்டையும் மலைக்கு ஏற்றி வந்தவர்களுள் முஸ்லிம் மக்கள் முதன்மையானோர். 1838இல் கண்டியில் பிறந்த சித்திலெப்பை 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ இதழைத் தொடங்கினார். 1885இல் ‘அசன்பே சரித்திரம்’ என்னும் நாவலைத் தமிழுக்கு அளித்தார்.

மடவளையில் நமக்குக் கிடைத்த விருந்து சஹன் சோறு. ஒரே பெருந்தட்டைச் சுற்றிப் பலர் அமர்ந்து உண்பது வழக்கம். செல்வரும் வறியவரும் ஒரே தட்டில் கைவைக்கும் இவ்வழக்கத்தினும் சிறந்த சமத்துவப் பாடம் எது? இறுதியில் வந்தது வட்டிலப்பம். கித்துள் மரமேறிச் சிங்களக் கிராமத்தவர் இறக்கும் பதநீரே கருப்பட்டியாகிறது. அதில் தேங்காய்ப்பாலும் முட்டையும் ஏலமும் சேர்த்து அவித்தவை முஸ்லிம் தாய்மாரின் கைகள். நாவுக்கு இனபேதம் தெரியவில்லை.

ஆனால் அரசியலுக்குத் தெரிகிறது. 2018 மார்ச்சில், மடவளையிலிருந்து அதிகத் தொலைவில்லாத திகனையிலும் சுற்றுப்புறங்களிலும் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. நாட்டில் அவசரநிலை பிறப்பிக்கப்பட்டது. கருப்பட்டி விற்றவனையும் வாங்கியவனையும் பகைவராக்கியதால் இலாபம் கண்டவர் யார்? அவ்விருவருள் எவருமல்லர்.

இன்னும் ஒரு கூட்டம் இந்தப் பந்திக்கே அழைக்கப்படவில்லை. 1867இல் கண்டிக்கு இரயில் வந்தது. அதே ஆண்டில் லூல்கந்துரவில் தேயிலைத் தோட்டம் தொடங்கியது. அதற்கு முன்பே கோப்பித் தோட்டங்களுக்காக மன்னார்க் கரையிலிருந்து காட்டுவழியே நடந்துவந்த தமிழ்த் தொழிலாளர் பலர், காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் வழியிலேயே மடிந்தனர். எஞ்சியோரின் சந்ததியினரை 1948ஆம் ஆண்டுச் சட்டம் நாடற்றவராக்கியது. எஞ்சியிருந்தோருக்கு உரிமை வழங்கும் சட்டம் வந்ததோ 2003இல். உலகம் சுவைக்கும் தேநீருக்குக் கொழுந்து கிள்ளுகிறவள், விடியலில் கோதுமை ரொட்டியும் சம்பலும் உண்டு, மட்டமான தூளில் இறங்கிய சாயத்தண்ணீரைக் குடித்துவிட்டு மலையேறுகிறாள். இன்றும் பலருக்கு லயத்துக் காம்பிராவே வீடு.

கண்டிக்குச் செல்லும் நண்பர்களே! ஏரியைப் பாருங்கள், பெரகராவையும் பாருங்கள், வட்டிலப்பத்தையும் உண்ணுங்கள். தேநீர்க் கோப்பையைக் கையில் எடுக்கும்போது மட்டும், இதைப் பறித்தவள் எங்கே வசிக்கிறாள் என்று கடைக்காரரிடம் கேளுங்கள். அவர் காட்டும் மலைப்பாதையில் சிறிது தூரம் ஏறிச் சென்று, அவளையும் கண்டு வாருங்கள். அதன் பின்னரே கண்டியைப் பார்த்தோம் என்று சொல்லும் உரிமை நமக்கு உண்டு.