கேட்பதற்கு ஓர் ஆள்

சிறிய நகரங்களில் வாழ்கிறவர்கள் எல்லோருக்கும் பொதுவான பகையாளி ஒருவர் உண்டு. அவர் பெயர் முனிசிபாலிட்டி. மழை பெய்து தெருவில் தண்ணீர் தேங்கினாலும் அவரைத்தான் ஏசுவார்கள். மழை பெய்யாமல் குழாயில் தண்ணீர் வராவிட்டாலும் அவரைத்தான் ஏசுவார்கள். மாப்பிள்ளை அழைப்பு வருகிற தெருவில் விளக்கு எரியாவிட்டால், மாப்பிள்ளை வீட்டாரும் பெண் வீட்டாரும் அந்த ஒரு விஷயத்திலாவது ஒற்றுமைப்பட்டு விடுவார்கள். நாம் பிறந்ததைப் பதிவு செய்துகொள்வது அது. இறந்தபின் எரிக்கவோ புதைக்கவோ இடம் வைத்திருப்பதும் அதுவே. இடைப்பட்ட காலத்தில் அதைப் பற்றி நாம் ஒரு நல்ல வார்த்தை சொல்வதில்லை.

சினிமாவில் சேர்மன் என்று ஒருவர் வந்தால் அவருக்குத் தொப்பையும் மோதிரமும் கட்டாயம். அப்படிப்பட்டவர்கள் இல்லவே இல்லை என்று சாதிக்க நான் வரவில்லை. ஆனால் எனக்கு நகரமன்றக் கூட்டங்களுக்குப் போய்ப் பின்பெஞ்சில் உட்காரும் வழக்கம் உண்டு. நாவல் எழுதுகிறவனுக்கு அங்கே என்ன வேலை என்று நண்பர்கள் கேட்பார்கள். மனிதர்கள் தங்கள் காதலைப் பற்றிப் பேசும்போது பொய் சொல்லக் கூடும். சாக்கடையைப் பற்றிப் பேசும்போது அவ்வளவாகச் சொல்வதில்லை. அதுதான் காரணம்.

அங்கே படிக்கப்படும் பொருள்நிரலைக் கேட்டால் முதலில் தூக்கம் வரும். ஆழ்குழாய்க் கிணற்றின் மோட்டார் பழுது பார்த்த செலவு, பிளீச்சிங் பவுடர் வாங்கிய செலவு, வாரச்சந்தைக் குத்தகை, பஸ் நிலையத்துக் கடை வாடகை பாக்கி, உடைந்த சிறுபாலம். ஒவ்வொன்றின் முடிவிலும் 'மன்றத்தின் அனுமதிக்கு வைக்கப்படுகிறது' என்ற மந்திரம். நாலைந்து கூட்டங்கள் பொறுமையாகக் கேட்ட பிறகு ஒரு விஷயம் புலப்படும். ஊரின் குடித்தனக் கணக்கு இது. வீட்டில் அம்மா அரிசி, பருப்பு, பால்காரர் பாக்கி என்று விரல்விட்டு எண்ணுவதற்கும் இதற்கும் தொகையில்தான் வித்தியாசம்.

இந்தக் குடித்தனத்தின் வரும்படி என்ன? முதலாவது சொத்துவரி. பிறகு தண்ணீர்க் கட்டணம், கடை வாடகை, சந்தைக் குத்தகை, தொழில்வரி. தொழில்வரிக்கு ஒரு வேடிக்கை உண்டு. ஒரு மனிதரிடம் ஆண்டுக்கு 250 ரூபாய்க்கு மேல் அந்த வரியை வாங்கக் கூடாது என்று 1950-ல் அரசியல் சாசனமே வரம்பு கட்டியது. 1988-ல் அதை 2,500 ரூபாயாக உயர்த்தினார்கள். அதற்குப் பிறகு தங்கம் எங்கே போயிற்று, தக்காளி எங்கே போயிற்று என்று எல்லோருக்கும் தெரியும்; அந்த 2,500 மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. இவையெல்லாம் சேர்ந்தும் போதாத பங்கை மாநில அரசு தன் வருவாயிலிருந்து தருகிறது.

செலவோ, யாரும் காணாத இடத்தில் நடப்பது. பல ஊர்களில் தண்ணீர் உள்ளூர்க் கிணற்றிலிருந்து வருவதில்லை. எங்கோ ஆற்றுப் படுகையில் எடுத்து, பல ஊர்களுக்குச் சேர்த்து அனுப்புகிறார்கள். கூட்டுக் குடிநீர்த் திட்டம் என்று அதற்குப் பெயர். 1971-ல் தோன்றிய குடிநீர் வடிகால் வாரியம் கட்டிக் கொடுத்தவை இவை. நகரசபை அந்தத் தண்ணீரை விலைக்கு வாங்குகிறது. மேல்நிலைத் தொட்டியில் ஏற்றுவதற்கு மின்சாரக் கட்டணம் கட்டுகிறது. பிறகு நமக்கு விற்கிறது. பூமிக்குள்ளே பழைய குழாய் ஓரிடத்தில் கசிந்தால், விலை கொடுத்து வாங்கிய தண்ணீர் மண்ணுக்குப் போகிறது. கசிவை அடைத்ததற்காக யாரும் திறப்புவிழா நடத்தியது கிடையாது. வளைவு கட்டினால் கல்வெட்டில் பெயர் இருக்கும். குழாய் மாற்றினால் மேலே மண்ணைப் போட்டு மூடிவிடுவார்கள்.

இந்த அமைப்பு நமக்கு எப்படி வந்தது என்பதும் ஒரு கதைதான். 1865-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, மறு வருஷம் கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சி, மதுரை, சேலம், கோயம்புத்தூர் முதலிய ஊர்களில் நகரசபைகள் தோன்றின. அன்று அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் ஜனங்கள் அனுப்பியவர்களல்லர், சர்க்கார் நியமித்தவர்கள். 1882 மே மாதம் ரிப்பன் பிரபு ஒரு தீர்மானம் வெளியிட்டார். ஊர்க் காரியத்தை ஊராரே தேர்தல் மூலம் பார்த்துக்கொள்ளப் பழக வேண்டும் என்பது அதன் சாரம். நிர்வாகம் சிறப்பாக நடக்கும் என்பதைவிட, ஜனங்களுக்கு அரசியல் பழக்கம் உண்டாகும் என்பதையே அவர் முக்கியமாகக் கருதினார். சென்னை மாநகராட்சிக் கட்டடத்துக்கு அவர் பெயர் நிலைத்தது பொருத்தந்தான்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்களைப் பாருங்கள். 1917 முதல் 1919 வரை சேலம் நகரசபைத் தலைவராக இருந்தவர் ராஜாஜி. அதே காலத்தை ஒட்டி ஈரோட்டு நகரசபைத் தலைவராக இருந்தவர் பெரியார் ஈ.வெ.ரா. பிற்காலத்தில் இருவரும் எதிரெதிர்த் திசைகளில் நடந்தார்கள்; ஆனால் குடிதண்ணீரும் சாக்கடையும் இருவருக்கும் முதற்பாடம். விருதுநகர் நகரசபை 1941-ல் காமராஜரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தபோது அவர் வேலூர்ச் சிறையில் இருந்தார். விடுதலையாகி ஊருக்கு வந்ததும் நேரே நகரசபைக்குப் போனார். போய்ப் பதவியை ராஜினாமா செய்தார். முழு நேரமும் இருந்து கவனிக்க முடியாத பதவியை வைத்துக்கொள்ளக் கூடாது என்பது அவர் எண்ணம். இதைத் தியாகம் என்று மேடையில் சொல்வார்கள். எனக்கு அது வேறு மாதிரிப் படுகிறது. ஒருவர் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று கேட்க வரும்போது, அந்த நாற்காலியில் ஆள் இருக்க வேண்டும். ஆள் இல்லாத நாற்காலியைவிட, வேறோர் ஆள் உட்கார்ந்த நாற்காலி மேல். இதை அவர் அறிந்திருந்தார்.

ஆள் இல்லாத நாற்காலி என்றால் என்ன என்பதைத் தமிழ்நாடு முழுவதும் ஐந்து வருஷங்களுக்கு மேல் பார்த்தது. 2011 அக்டோபரில் தேர்ந்தெடுக்கப்பட்ட நகரமன்றங்களின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அந்த மாதம் நடக்கவிருந்த தேர்தலின் அறிவிப்பை, இட ஒதுக்கீடு பற்றிய வழக்கில் உயர்நீதிமன்றம் ரத்துச் செய்தது. பிறகு நகரங்களில் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19-ஆம் தேதிதான். 1993-ல் அமலுக்கு வந்த சாசனத் திருத்தம், ஒரு மன்றத்தின் ஐந்து வருஷ காலம் முடிவதற்குள் அடுத்த தேர்தல் நடந்து முடிய வேண்டும் என்கிறது. நடந்ததோ, ஒரு மன்றத்தின் முழு ஆயுளும் மன்றமே இல்லாமல் கழிந்தது. இடைக்காலத்தில் தனி அலுவலர்கள் நிர்வாகத்தைப் பார்த்தார்கள்.

அந்த நாட்களில் நகராட்சியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் என்னிடம் சொன்னார்: "பார்த்தீங்களா சார், கவுன்சிலர் இல்லாம ஊர் நின்னா போச்சு? விளக்கு எரியுது, குப்பை அள்ளுறாங்க, சம்பளம் ஒண்ணாந்தேதி வருது. சத்தம் இல்லாம ஆபீஸ் நடக்குது. சொல்லப்போனா இதுதான் நிம்மதி."

அவர் சொன்னது பொய்யல்ல. விளக்கு எரிந்தது. குப்பையும் அள்ளினார்கள். பல அதிகாரிகள் நேர்மையாகவும் கடுமையாகவும் உழைத்தார்கள். சத்தம் மட்டும் இல்லை. அந்தச் சத்தம் யாருடையது என்பதுதான் கேள்வி.

எனக்குத் தெரிந்த ஒரு தெரு உண்டு. ஊரின் மேட்டுப் பகுதியில், குழாயின் கடைசியில் இருக்கிற தெரு. மற்றத் தெருக்களில் குடங்கள் நிரம்பி வழியும்போது அங்கே குழாய் காற்றைத்தான் விடும். அந்தத் தெருப் பெண்கள் மனு எழுதிக் கொடுத்தார்கள். ரசீது கிடைத்தது. மறுபடி கொடுத்தார்கள். மறுபடி ரசீது. அதிகாரி மாறினார், புது அதிகாரிக்குப் புது மனு. யாரும் அவர்களை அவமதிக்கவில்லை; விரட்டவில்லை. 'நடவடிக்கை எடுக்கப்படும்' என்று மரியாதையாகவே சொன்னார்கள். ஏன் தண்ணீர் வரவில்லை என்பதை மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டிய கட்டாயம் யாருக்கும் இருக்கவில்லை.

2022 மார்ச்சில் புதிய மன்றம் பதவி ஏற்றது. நகர மன்றங்களில் பாதி இடங்கள் பெண்களுக்கு என்று 2016-ல் செய்த சட்டத்திருத்தம் அந்தத் தேர்தலில்தான் நகரங்களில் முதன்முதலாகச் செயலுக்கு வந்தது. அந்த வார்டில் ஜெயித்தவரும் ஒரு பெண். தையல் கடை வைத்திருந்தவர். ஒருநாள் சாயங்காலம் அவர் கடை வாசலில் அந்தத் தெருக் கிழவி ஒருத்தி குடத்தோடு நின்றுகொண்டிருந்ததைக் கண்டேன்.

"ஏம்மா, ஓட்டுக் கேக்க வந்தப்போ கொழாயைத் தொறந்து தொறந்து பாத்தியே. இப்ப வந்து பாக்கப்படாதா?"

"பாத்துட்டேன் அத்தை. ஆபீஸ்லயும் போயிக் கேட்டேன். முப்பது வீட்டுக்குப் போட்ட கொழாய் அது. இப்ப நூத்துப்பத்து வீடு இருக்கு. கீழத்தெருவுல மோட்டார் வச்சு உறிஞ்சுறாங்க. கொழாயை மாத்தணும்னா பணம் இந்த வருசம் இல்லை. கீழத்தெருவுக்கும் நமக்கும் நேரத்தைப் பிரிச்சு விடச் சொல்லியிருக்கேன். அது நடக்கலைன்னா என்னைக் கேளு."

கிழவி திட்டிக்கொண்டே போனாள். தண்ணீர் மறுநாளே வந்துவிடவில்லை. வால்வைத் திருப்பி நேரத்தைப் பிரிப்பதற்கு மூன்று மாதம் ஆயிற்று. அதுவும் அரைகுறைதான். ஆனாலும் அந்தத் தெருவுக்கு அதுவரை கிடைக்காத ஒன்று அன்று கிடைத்தது. காரணம் கிடைத்தது. அதோடு, 'என்னைக் கேளு' என்ற வார்த்தையும் கிடைத்தது. ரசீதில் அந்த வார்த்தை அச்சிடப்படுவதில்லை.

அந்தப் புதிய மன்றங்கள் பொறுப்பேற்று ஒரு மாதம் ஆவதற்குள் அவர்கள் முன் வந்த பெரிய விஷயம் சொத்துவரி உயர்வு. 600 சதுர அடிக்குட்பட்ட வீடுகளுக்கு நூற்றுக்கு 25. 1,200 அடி வரை 50. 1,800 அடி வரை 75. அதற்கு மேல் நூற்றுக்கு நூறு. சென்னையில் பெரிய வீடுகளுக்கு அதைவிடவும் அதிகம். 2018-ல் உயர்த்திய வரியை 2019-ல் நிறுத்தி வைத்துவிட்டு, மூன்று வருஷம் கழித்து ஒரே தாவாகத் தாவினால் ஜனங்கள் கூச்சலிடாமல் என்ன செய்வார்கள்? ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தியிருந்தால் யாருக்கும் வலித்திராது. ஓட்டுக்குப் பயந்து வரியைத் தள்ளிப் போடுகிறவர்கள், குழாய் மாற்றுவதையும் தள்ளிப் போடுகிறார்கள். இரண்டுக்கும் சேர்த்துப் பின்னால் வருகிறவன் கட்டுகிறான்.

அந்தக் கூட்டத்தில் நான் இருந்தேன். கட்சி வேறுபாடில்லாமல் கவுன்சிலர்கள் முகத்தில் சங்கடம் தெரிந்தது. தீர்மானம் சென்னையில் உருவானது. வீட்டு வாசலில் ஏச்சு வாங்கப் போகிறவர்கள் இவர்கள். ஆயினும் இந்தச் சங்கடம் நல்லதென்றே எனக்குத் தோன்றியது. தனி அலுவலர் வரி உயர்த்தினால் அது உத்தரவு. கவுன்சிலர் கையைத் தூக்கினால், மறுநாள் காலை பால் வாங்கப் போகும்போது, 'எதற்காகத் தூக்கினாய்?' என்ற கேள்வியை அவர் தாண்டியே போக வேண்டும்.

மன்றம் வந்துவிட்டால் ஊர் சொர்க்கமாகிவிடும் என்று நான் சொல்வதாக எண்ண வேண்டாம். கான்ட்ராக்டரும் கவுன்சிலரும் சேர்ந்து தார் ரோட்டை மெலிய வைத்த கதை ஊருக்கு ஊர் உண்டு. மனைவியை ஜெயிக்க வைத்துவிட்டு, அவர் நாற்காலிக்குப் பின்னால் புருஷன் நின்று பதில் சொல்வதையும் பார்த்திருக்கிறேன். அதிகாரமோ சொற்பம், கமிஷனர் அரசாங்க ஊழியர், பெரிய திட்டங்கள் மேலிருந்து பெயர் சூட்டப்பட்டே இறங்குகின்றன. சாசனத்தின் பன்னிரண்டாம் அட்டவணை நகரங்களுக்குரியவை என்று பதினெட்டு வேலைகளை அடுக்குகிறது. வேலையின் பட்டியல் நீளம், பணப்பை குட்டை.

ஆனால் இந்தக் குறைகளையெல்லாம் நமக்கு எடுத்துச் சொல்வதும் மன்றம்தான். எதிர்க்கட்சிக் கவுன்சிலர் ஒருவர் எழுந்து மோட்டார் பழுதுச் செலவு ஒரே வருஷத்தில் மூன்று முறை வந்திருக்கிறதே என்று கேட்டால்தான் அது நமக்குத் தெரிகிறது. கேள்வி கேட்கிறவர் யோக்கியராக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. பொறாமையால் கேட்டாலும் கேள்வி கேள்விதான்.

ஆகவே அடுத்த முறை தேர்தல் தள்ளிப் போகிறது என்ற செய்தியைப் படிக்கும்போது, 'போனால் போகட்டும், சத்தம் குறையும்' என்று பத்திரிகையைப் புரட்டிவிடாதீர்கள். உங்கள் ஊர் மன்றம் கூடும் தேதியை விசாரித்து வையுங்கள். பட்ஜெட் கூட்டத்துக்காவது ஒரு முறை போய் உட்காருங்கள். சில வேளைகளில் கவுன்சிலர்களைவிடக் காலி பெஞ்சுகள்தான் அங்கே அதிகம். நாலு பேர் பின்னால் உட்கார்ந்து கவனிக்கிறார்கள் என்று தெரிந்தால், எழுபது தீர்மானங்களை அரை மணியில் படித்து முடிக்கிறவருடைய குரல்கூடச் சற்று நிதானப்படுவதை நான் நேரில் கண்டிருக்கிறேன்.