டிசம்பர் ஆறாம் தேதிக் கடிதம்

1977 நவம்பர் 10, வியாழன்

இங்கிலாந்தின் ஓல்டாம் நகரை அடுத்த கெர்ஷா மருத்துவமனை. பிரிஸ்டலிலிருந்து வந்திருக்கும் லெஸ்லி பிரௌனின் வயிற்றுக்குள் லேப்ராஸ்கோப்பைச் செலுத்தி, டாக்டர் பேட்ரிக் ஸ்டெப்டோ ஒரே ஒரு கருமுட்டையை எடுக்கிறார். லெஸ்லிக்குக் கருக்குழாய்கள் அடைபட்டவை.

முட்டைகளைப் பெருக்கும் ஊசி எதுவும் இம்முறை போடவில்லை. முன்பு மற்ற பெண்களுக்குப் போட்டார்கள்; கண்ணாடித் தட்டில் நன்றாக வளர்ந்த கரு, கருப்பைக்குள் போனதும் தங்கவில்லை. மருந்தே மாதச் சுழற்சியைக் குலைக்கிறதோ என்று ஸ்டெப்டோவோடு பணியாற்றும் ஆராய்ச்சியாளர் ராபர்ட் எட்வர்ட்ஸுக்குச் சந்தேகம். ஆகவே ஊசியை விட்டுவிட்டு, முட்டை வெளியேறத் தூண்டும் எல்ஹெச் ஹார்மோன் சிறுநீரில் எகிறும் நேரத்துக்காக இரவு பகல் பாராமல் சோதித்துக் காத்திருந்தார்கள்.

நவம்பர் 12, சனி நள்ளிரவு

உடலுக்கு வெளியே கருவுறச் செய்த முட்டை, இரண்டரை நாளில் எட்டு செல் கருவாகிவிட்டது. அதைக் கருப்பையில் வைத்தாயிற்று. எட்வர்ட்ஸின் ஆய்வகத் துணைவர் ஜீன் பர்டியும் உடனிருக்கிறார். அவர் பெயரை உலகம் வெகுகாலம் மறந்தே போனது தனிக்கதை.

நவம்பர் 20 வாக்கில்

வெளியே ஒன்றும் தெரியாது. எல்லாம் சரியாக நடந்தால் இந்நேரம் கரு கருப்பைச் சுவரில் பதிந்திருக்கும். அதன் வெளிப்புற செல்கள் ஹெச்சிஜி என்ற ஹார்மோனைச் சுரக்கத் தொடங்கும். முட்டை வெளியேறிய இடத்தில் உருவான சுரப்பிக்கு அது ஒரு சேதி: புரோஜெஸ்டிரானை நிறுத்தாதே, மாதவிலக்கு வர விடாதே. கர்ப்பப் பரிசோதனை என்று நாம் செய்வதெல்லாம் இந்தச் சேதியை நடுவில் ஒட்டுக்கேட்பதுதான்.

நவம்பர் 24, வியாழன்

முட்டை எடுத்துப் பதினான்கு நாள். இன்றைய சிகிச்சை முறையில் பீட்டா ஹெச்சிஜி ரத்தப் பரிசோதனைக்கு ஏறக்குறைய இதுதான் நாள். ஒரு மில்லிலிட்டரில் 5 மில்லி யூனிட்டுக்குக் கீழ் என்றால் இல்லை என்று பொருள். வீட்டில் பார்க்கும் கிட்டுகள் பலவற்றில் கோடு விழ 25 வேண்டும்.

அதுவரை பொறுக்க முடியாமல் கிட்டை வாங்கி முன்கூட்டியே பார்ப்பவர்கள் உண்டு. யாரால்தான் பொறுக்க முடியும்? ஆனால் முட்டையை முதிர்விக்கப் போடும் ஊசி பல சமயம் இதே ஹெச்சிஜிதான். பத்து நாள்கூட உடம்பில் மிச்சமிருக்கும். கரு இல்லாமலே இரண்டாம் கோடு விழும். ஊசியே போடாத லெஸ்லிக்கு அந்த ஏமாற்றத்துக்கு இடமில்லை.

தவிர, ஒரே ஒரு எண் அதிகம் பேசாது. 48 மணி நேரம் கழித்து மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும். நல்ல கர்ப்பத்தின் தொடக்கத்தில் இரண்டு மூன்று நாளுக்கொருமுறை அளவு ஏறத்தாழ இரட்டிக்கும். ஏறி, பிறகு மளமளவென்று இறங்கினால், ஸ்கேனில் தெரியும் முன்பே கரு கலைந்துவிட்டது என்று அர்த்தம்.

டிசம்பர் 6, செவ்வாய்

எட்வர்ட்ஸ் லெஸ்லிக்குச் சிறு கடிதம் எழுதுகிறார். ரத்தமும் சிறுநீரும் நம்பிக்கை தருகின்றன, ஆரம்பக் கர்ப்பமாக இருக்கலாம் என்கிறார். 'இருக்கலாம்' என்று நிறுத்திக்கொண்டதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. இதே குழு 1976-இல் அறிவித்த ஒரு கர்ப்பம் கருக்குழாயில் தங்கி வீணாயிற்று. கரு இருக்கிறது என்று ஹார்மோன் சொல்லும். எங்கே இருக்கிறது என்று சொல்லாது.

லெஸ்லியின் மகள், உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை லூயிஸ் பிறக்க இன்னும் ஏழரை மாதம். இப்போதைக்குக் கடிதத்தில் இருப்பது கண்டிப்பு மட்டும்: உடம்பை அலட்டிக்கொள்ளக் கூடாது, பனிச்சறுக்கு வேண்டாம், மலையேற்றம் வேண்டாம், கிறிஸ்துமஸுக்குக் கடை கடையாக அலைவதும் வேண்டாம்.