உல்லம் ஏறிய ஆறு



போன வாரம் 1998 பேட்ச் மாணவர் ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பினார். இப்போது அமெரிக்காவில் ஒரிகான் மாநிலத்தில் வேலையில் இருக்கிறார். கிளாமத் என்ற ஆற்றில் கை நீளத்துக்குச் சால்மன் மீன்கள் எதிர்நீச்சல் போட்டு ஏறுகின்றன. அந்த ஆற்றில் இருந்த நான்கு அணைகளை இடித்து 2024 அக்டோபரில் வேலையை முடித்தார்கள். முடித்த சில நாட்களிலேயே மீன் மேலே வந்துவிட்டது. 1912-க்குப் பிறகு ஒரிகான் பக்கம் அந்த ஆற்றில் சால்மன் ஏறியது அதுதான் முதல் தடவை. கீழே அவர் ஒரு கேள்வியும் போட்டிருந்தார்: "சார், நம்ம ஊர்ல இந்த மாதிரி கடல்லேர்ந்து ஆத்துக்கு ஏறுற மீன் இருந்துச்சா?"

இருந்தது. விலங்கியல் எடுத்தவனிடம் இப்படிக் கேட்டால் இரண்டு வரியில் பதில் வராது என்று அவருக்கே தெரியும். மற்றவர்களும் படிக்கட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

அதன் பெயர் உல்லம். வங்காளிகள் இலிஷ் என்று உயிரை விடுவார்களே, அதேதான். கோதாவரிக் கரையில் புலசா என்பார்கள். தாலியை விற்றாவது புலசா தின்ன வேண்டும் என்று அங்கே ஒரு பேச்சு உண்டு. கடலில் வளர்ந்து, ஆற்றில் புதுவெள்ளம் வந்ததும் நல்ல தண்ணீரைத் தேடி ஏறி முட்டையிடும். ஒரு தாய் மீனுக்கு லட்சக்கணக்கில் முட்டை. நம் செஞ்சியாறு மழைக்கால ஆறு. உல்லத்துக்கு வேண்டிய நீளமும் ஆழமும் அதற்கு இல்லை. உல்லத்தைப் பார்க்கக் காவிரிக்குத்தான் போகவேண்டும்.

ஆடிப் பெருக்கை ஒட்டி வெள்ளம் வரும்போது கொள்ளிடம் வழியாகவும் காவிரி வழியாகவும் உல்லம் ஏறிக்கொண்டிருந்தது. 1836-இல் ஆர்தர் காட்டன் காலத்தில் கொள்ளிடத்தில் கீழணை கட்டினார்கள். நம் ஆட்கள் அணைக்கரை என்பார்களே, அதுதான். வீராணம் ஏரிக்குத் தண்ணீர் அங்கிருந்துதான் போகிறது. சென்னையில் இருக்கும் என் மாணவர்கள் குடிப்பதும் அதில் ஒரு பங்கு. கீழணை பெரிய உயரமில்லை. ஆனால் உல்லத்துக்கு அதுவே மலை. சால்மன் துள்ளித் தாண்டும். உல்லம் துள்ளாது; நீந்தித்தான் ஏறும்.

இது அப்போதே தெரிந்திருந்தது. சென்னை மாகாணத்தில் ராணுவ மருத்துவராக இருந்து, இந்திய மீன்களைப் பற்றிப் பெரிய நூல் எழுதிய பிரான்சிஸ் டே, அணைகள் மீன் ஏறும் வழியை அடைப்பதைப் பற்றி 1873-இல் வந்த அறிக்கையிலேயே எழுதினார். அணையில் மீனுக்கு வழி விடுங்கள் என்றார். பிறகு மாகாண மீன்வளப் பணியைத் தொடங்கி வைத்த சர் பிரெடரிக் நிக்கல்சன் காலத்தில், கொள்ளிடக் கரையிலேயே உல்லத்தின் முட்டையை எடுத்துச் செயற்கையாகப் பொரிக்க வைத்துப் பார்த்தார்கள். 1909 வாக்கில். நினைத்துப் பாருங்கள், நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. கீழணையில் மீனுக்குப் படி கட்டியும் பார்த்தார்கள். ஐரோப்பாவில் சால்மனுக்குக் கட்டுவது போன்ற படி. துள்ளாத மீனுக்குத் துள்ளும் மீனின் படி! உல்லம் அதில் ஏறவில்லை.

பிறகு 1934-இல் மேட்டூர். அதன் பிறகு அணைக்கு மேலே உல்லம் என்ற பேச்சே இல்லை. சுவர் மட்டும் காரணமில்லை. வெள்ளத்தை மேட்டூரில் பிடித்துவைத்து, தேவைக்குத் திறந்துவிடுகிறோம். மீனைக் கடலிலிருந்து கூப்பிடுவது அந்த வெள்ளத்தின் கலங்கல் தண்ணீர்தான். கூப்பிடும் குரலே சன்னமாகிவிட்டது. இப்போது கீழணைக்கும் கீழே ஆதனூர்–குமாரமங்கலம் கதவணை வந்திருக்கிறது. கடல் உப்பு ஏறாமல் தடுக்க அது வேண்டும் என்று விவசாயிகள் பல வருஷம் கேட்டார்கள். நியாயம்தான். மீன் கணக்கில் பார்த்தால் இன்னொரு வாசல் சாத்தப்பட்டது.

இதை வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தபோது என் தங்கை வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "என்ன மச்சான், வீடூர் அணையையும் இடிக்கச் சொல்லுவீங்களா?" அவருக்கு அந்த வாய்க்கால் பாசனத்தில்தான் நிலம். 32 அடி அணை, 3,200 ஏக்கர். அதில் 1,000 ஏக்கர் புதுச்சேரிக்காரர்களுடையது. "இல்லை மாப்பிள்ளை" என்றேன். கிளாமத்தில் இடித்தவை மின்சாரத்துக்காகக் கட்டிய பழைய அணைகள். உரிமத்தைப் புதுப்பிக்க ஆகும் செலவுக்கு இடிப்பதே மேல் என்று கணக்கு வந்தது. அதைவிட முக்கியம், யூரோக், காருக் போன்ற பழங்குடி மக்கள் சால்மனை விட மாட்டோம் என்று இருபது வருஷத்துக்கு மேல் போராடினார்கள். 2002-இல் அந்த ஆற்றில் பல்லாயிரம் சால்மன்கள் செத்து மிதந்தன. போராட்டம் சூடு பிடித்தது அதற்குப் பிறகுதான். நம் அணைகளில் சோறு இருக்கிறது. இடிப்பது பேச்சில்லை.

அப்படியானால் என்ன செய்வது? கங்கையில் 1975-இல் ஃபராக்கா தடுப்பணை வந்ததும் அதற்கு மேலே இலிஷ் வற்றிப்போயிற்று. முன்பு அலகாபாத் தாண்டியும் ஏறிய மீன். இப்போது பாரக்பூரில் உள்ள மத்திய உள்நாட்டு மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார், உயிருள்ள இலிஷ்களைப் பிடித்து, சிலவற்றுக்கு அடையாளத் துண்டு கட்டி, அணைக்கு மேலே கொண்டுபோய் விடுகிறார்கள். கையால் தூக்கித் தாண்டவைப்பது! கேட்கச் சிரிப்பாக இருக்கலாம். நூறு வருஷத்துக்கு முன் கொள்ளிடத்தில் விட்ட வேலையின் தொடர்ச்சி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் மீனை விடுவதில் ஓர் ஆபத்தும் உண்டு. நம் காவிரியிலேயே நடந்தது. காவிரியில் திமில் போல முதுகு தூக்கிய, செந்துடுப்பு மஹசீர் என்று ஒரு மீன். 1946-இல் கபினியில் ஒன்று 54 கிலோ இருந்தது. உலகத்தில் வேறு எங்கும் இல்லாத மீன், காவிரிக்கே சொந்தம். மஹசீர் குறைகிறது என்று 1970-களிலிருந்து மகாராஷ்டிரத்தின் லோனாவ்லா பொரிப்பகத்தில் வளர்த்த குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்டார்கள். அது நீலத்துடுப்பு மஹசீர், வேறு இனம். நல்ல எண்ணம்தான். வந்த மீன் பெருகியது. சொந்த மீன் ஒதுங்கிப்போனது. எண்ணிக்கையைப் பார்த்தவர்கள் மஹசீர் திரும்பிவிட்டது என்று மகிழ்ந்தார்கள். சொந்த மீனுக்கு முறையான அறிவியல் பெயர்கூட 2018-இல்தான் உறுதியானது: டோர் ரமாதேவியை. சென்னையில் விலங்கியல் ஆய்வகத்தில் பணியாற்றிய ரமாதேவி அம்மையாரின் பெயர். அதே ஆண்டிலேயே, அழியும் விளிம்பில் இருப்பவற்றின் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. மாணவிகளே, மீனுக்குப் பெயராகும் அளவுக்கு மீனைப் படித்த பெண் நம் சென்னையில் இருந்திருக்கிறார், தெரிந்துகொள்ளுங்கள். ஏரியில் புண்ணியம் என்று ஜிலேபிக் கெண்டையையும் ஆப்பிரிக்கக் கெளுத்தியையும் விடுகிறவர்களுக்கும் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

சரி, நம் ஊருக்கு வருகிறேன். உல்லம் இல்லாவிட்டாலும் நம் ஆற்றில் விலாங்கு உண்டு. அது சால்மனுக்கு நேர் எதிர். கடலில் பிறந்து, நூல் போல இருக்கும்போதே ஆற்றில் ஏறி, வருஷக்கணக்கில் சேற்றிலும் பொந்திலும் வளர்ந்து, முட்டையிடக் கடலுக்கே திரும்பிப் போகும். என் சிறு வயதில் அப்பா விலாங்கு கொண்டுவந்தால் வழுக்காமல் பிடிக்கக் கையில் சாம்பலைத் தேய்த்துக்கொள்வோம். அந்த மீன் புதுச்சேரிக் கடலிலிருந்து வில்லியனூர், திருவக்கரை வழியாக வந்த மீன் என்று கல்லூரி போன பிறகுதான் எனக்குப் புரிந்தது.

ஏத்துமீனை உங்களில் கிராமத்துப் பிள்ளைகள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். முதல் மழையில் கலிங்கு வழியும்போது கெண்டையும் கெளுத்தியும் குரவையும் தண்ணீரை எதிர்த்து ஏறும். வயிறு நிறைய சினை. நம் சால்மன் அதுதான். 2024 ஃபெஞ்சல் புயலில் மயிலத்தில் 50 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதே, அந்த வெள்ளம் வடிந்த மறுநாள் எங்கள் பக்கத்து ஏரிக் கலிங்கில் போய் நின்றேன். பழைய கலிங்கில் கருங்கல் சரிவு இருந்தது. கல் இடுக்கில் நின்று நின்று மீன் ஏறும். சில வருஷத்துக்கு முன் அதைப் பழுது பார்க்கிறேன் என்று செங்குத்தாக சிமெண்ட் சுவர் வைத்துவிட்டார்கள். மீன் வந்து மோதி மோதி விழுந்துகொண்டிருந்தது. கீழே கூடையும் வலையுமாக ஒரு கூட்டம். பிடிக்கிறவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, சுவர் அப்படி.

நீர்வளத்துறையிலும் ஊரக வளர்ச்சியிலும் பொறியாளர்களாக இருக்கும் என் மாணவர்கள் குறைந்தது ஏழெட்டுப் பேர். உங்களிடம்தான் கேட்கிறேன். கலிங்கு கட்டும்போது ஒரு ஓரத்தில், மூன்றடி அகலத்துக்குப் போதும், கரடுமுரடான கல் பதித்து ஒரு சரிவு விடுங்கள். மதிப்பீட்டில் அது ஒரு பெரிய தொகையா? மற்றவர்கள், முதல் மழையின் முதல் இரண்டு மூன்று நாள் மட்டும் ஏத்துமீனை விட்டுவிடுங்கள். ஐப்பசி முழுக்கப் பிடித்துக்கொள்ளலாம்.

புரட்டாசி கடைசி ஞாயிறு காலை ஏழு மணிக்கு அந்தக் கலிங்குக்குப் போகிறேன். பொறியாளர் தம்பிகள் யாராவது டேப் எடுத்துக்கொண்டு வந்தால் அளந்துவிடலாம். வருகிறவர்கள் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், வீட்டில் இட்லிக்கு மாவு அரைக்கச் சொல்ல வேண்டும்.