தூண் மறைக்காத இருக்கை

துறையின் மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று கேட்டவர்கள், ஓய்வுபெற்ற தமிழாசிரியனிடமிருந்து இலக்கியக் கட்டுரை ஒன்றையே எதிர்பார்த்திருப்பர். நான் எழுத முற்பட்டிருப்பதோ, அமெரிக்க நாட்டின் பாஸ்டன் நகரில் பேஸ்பால் அரங்கம் ஒன்றிற்குப் போகத் திட்டமிட்ட கதை. மாணவர்கள் சிரிக்கலாம், பெரியவர்கள் பொறுத்தருள வேண்டும்.

என் மகள் பாஸ்டனில் வாழ்கிறாள். 2019ஆம் ஆண்டு முதன்முறையாக அங்குச் சென்றிருந்தபோது பேரனுக்கு வயது ஏழு. அவன் தன் கையுறையையும் மட்டையையும் எடுத்து வந்து, பேஸ்பால் ஆட்டத்தை எனக்கு விளக்கத் தொடங்கினான். அண்டை வீட்டுப் பிள்ளைகள் இருவரும் உடனிருந்தனர். நான் இடைமறித்து, "இது கிரிக்கெட் ஆடத் தெரியாதவர்கள் ஆடுவது" என்று ஆங்கிலத்திலேயே சொல்லிவிட்டேன். வகுப்பறையில் நாற்பது ஆண்டுகள் பேசிய நாக்கிற்கு நகைச்சுவை என்று தோன்றியது அது. அவன் மட்டையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான். அதன் பின் தொலைபேசியில் நான் அழைக்கும்போதெல்லாம் "நல்லா இருக்கேன் நன்னா" என்பதற்கு மேல் ஒரு சொல் அவனிடமிருந்து வந்ததில்லை.

2023இல் மீண்டும் சென்றேன். அவனுக்குப் பதினொன்று. சலாம் சொன்னான், பெட்டியைத் தூக்கி வைத்தான், தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். "அவன் அப்படித்தான் அத்தா, மனசுல வச்சுக்காதீங்க" என்றாள் மகள். மனத்தில் வைத்துக்கொண்டிருந்தவன் நான் அல்லன், அவன் என்பதை அவளிடம் சொல்லவில்லை. அவனை அவன் விரும்பும் அரங்கத்திற்கு நானே அழைத்துச் செல்வது என்று மட்டும் முடிவு செய்தேன். யாரையும் கேட்காமல், பாடம் நடத்தப் போகும் ஆசிரியன் குறிப்பெடுப்பது போல, நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கிக் குறிப்பெடுக்கத் தொடங்கினேன்.

அவ்வரங்கத்தின் பெயர் ஃபென்வே பார்க். ரெட் சாக்ஸ் என்னும் அணியின் இல்லம். 1912 ஏப்ரல் 20ஆம் நாள் அங்கு முதல் லீக் போட்டி நடைபெற்றது. டைட்டானிக் கப்பல் மூழ்கி ஐந்து நாட்களே ஆகியிருந்தமையால், அரங்கம் திறந்த செய்தி நாளேடுகளில் ஒதுங்கிப் போயிற்று. இன்று பெரிய லீக் அணிகள் ஆடும் அரங்கங்களுள் மிகப் பழையது அதுவே. நெருக்கடியான நகரத் தெருக்களுக்கு நடுவே கிடைத்த நிலத்தில் கட்டியமையால் அதன் வடிவம் கோணல்மாணலானது. இடப்புற எல்லை மிக அருகில், 310 அடியிலேயே வந்துவிடுகிறது. அந்தக் குறையை ஈடுசெய்வது போல அங்கே 37 அடிக்கு மேல் உயர்ந்த சுவர் ஒன்று நிற்கிறது. பச்சை வண்ணம் பூசிய அதனைப் 'பச்சை அரக்கன்' என்று அழைக்கின்றனர். அச்சுவரின் அடிப்பகுதியில் உள்ள ஓட்டப் பலகையை, உள்ளே நிற்கும் ஆட்கள் இன்றும் கையால் எண்களை மாற்றியே நடத்துகின்றனர். இவற்றையெல்லாம் எழுதிக்கொண்டு வந்தபோது, நான் எள்ளி நகையாடிய ஆட்டத்தின் மீது எனக்கே சிறிது மரியாதை பிறந்தது என்பதை மறைப்பானேன்?

ஆயினும் என்னைத் தலைகுனிய வைத்தவர் ஹென்றி சாட்விக். 1824இல் இங்கிலாந்தில் பிறந்து, சிறுவனாக அமெரிக்கா சென்றவர்; நாளேடுகளுக்குக் கிரிக்கெட் செய்தி எழுதியவர். பேஸ்பால் ஆட்டத்தின் கணக்குப் பட்டியலை வகுத்தளித்தவர் அவரே. மட்டையாளர் மும்முறை தவறி வெளியேறினால் 'கே' என்னும் ஆங்கில எழுத்தை இடும் வழக்கமும் அவரிடமிருந்து வந்ததே. கிரிக்கெட்டை நன்கறிந்த ஒருவர் இவ்வாட்டத்திற்கு ஏடு வகுக்க, அதனைத் தொலைக்காட்சியில் மட்டும் கண்ட நான் பேரனிடம் தீர்ப்புக் கூறியிருக்கிறேன்!

இனி, பயணத் திட்டம். ஓர் அணிக்குப் பருவத்தில் 162 ஆட்டங்கள். அவற்றுள் 81 தன் சொந்த அரங்கில். ஏப்ரலில் பாஸ்டனின் குளிர் நம்மவர்க்கு ஆகாது. ஆகவே ஜூன் மாதத்து மாலை ஆட்டம் ஒன்றைத் தெரிந்தெடுத்தேன். பசுமைத் தடத் தொடர்வண்டியில் ஏறிக் கென்மோர் நிலையத்தில் இறங்கிச் சிறிது நடக்க வேண்டும். என் முழங்கால் தாங்குமா என்பதற்காகத் தனியே ஒரு பக்கம் ஒதுக்கினேன். வெயிலுக்கும் மழைக்கும் அஞ்சி, கூரையின் கீழ் வலப்புற இருக்கைகளைக் குறித்து, அரங்கத்தின் படத்தையும் வரைந்து வைத்தேன். விலையும் குறைவாகவே இருந்தது. ஏன் குறைவு என்று மட்டும் நான் எண்ணிப் பார்க்கவில்லை.

ஓரிரவு நோட்டை உணவு மேசையிலேயே விட்டுவிட்டேன். காலையில் பார்த்தால், நான் வரைந்த படத்தின் மேல் சிவப்புப் பென்சிலால் பெரிய பெருக்கல் குறி! மாணவர் விடைத்தாள்களில் நான் ஆயிரக்கணக்கில் போட்ட குறி, முதன்முறையாக என் எழுத்தின் மேல். பேரன் எதிரே நின்றுகொண்டிருந்தான். அவனுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. எண்களையும் படத்தையும் கண்டே செய்தியை உணர்ந்துவிட்டான்.

"நன்னா, இங்கே தூண் இருக்கு. ஒண்ணும் தெரியாது."

பழைய அரங்கம் அல்லவா? கூரையை இரும்புத் தூண்கள் தாங்கி நிற்கின்றன. அவற்றின் பின்னால் அமர்ந்தால், பந்து வீசுபவரையோ மட்டையாளரையோ தூண் மறைத்துவிடும். அது மட்டுமன்று; வலப்புறக் கோடியில் உள்ள மர இருக்கைகள் மட்டையாளரை நோக்கி அமையாமல் மைதானத்தின் நடுவெளியை நோக்கி அமைந்தவை. ஆட்டம் முழுவதும் கழுத்தைத் திருப்பியே வைத்திருக்க வேண்டும். "உங்க கழுத்தும் வலிக்கும்" என்றான். முழங்கால் வலியை அவன் கவனித்திருக்கிறான் என்பது அந்த 'உம்'மில் தெரிந்தது.

"கூரை இல்லையென்றால் வெயில் அடிக்காதா?" என்று கேட்டேன். அவன் பென்சிலை எடுத்துச் சூரியனை வரைந்தான். மாலையில் சூரியன் மூன்றாம் தளத்தின் பக்கமாகப் பின்னால் இறங்கும். வலப்புறத்தில் இருப்பவர்களுக்குத்தான் அது கண்ணில் குத்தும். மூன்றாம் தளப் பக்கத்தில், தூண் வரிசைக்கு முன்னால் அமர்ந்தால் வெயிலும் முதுகுக்குப் பின்னால், தூணும் முதுகுக்குப் பின்னால். பந்து பறந்து வந்து தாக்காதபடி வலையும் உண்டு. தரைமட்டத்திலிருந்து ஏறவேண்டிய படிகளும் குறைவு. இத்தனையையும் ஒரே படத்தில் விளக்கிவிட்டான். இவ்வளவு தெளிவாக நான் யாப்பிலக்கணம் நடத்தியதில்லை.

தொடர்வண்டியைப் பற்றிய பக்கமும் தப்பவில்லை. பசுமைத் தடத்தில் கிளைகள் நான்கு. அவற்றுள் 'ஈ' கிளை வண்டி கென்மோருக்குப் போகாது. நான் குறித்திருந்தது அதனையே. அடுத்து, "இது என்ன எழுதியிருக்கீங்க?" என்று தமிழ் வரிகளைச் சுட்டிச் சுட்டிக் கேட்டான். பக்கம் பக்கமாகப் படித்துக் காட்டினேன். சாட்விக்கின் வரலாறு அவனுக்குப் புதிது. அந்தப் பகுதியை மட்டும் இருமுறை படிக்கச் சொன்னான். 2019ஆம் ஆண்டைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை. ஆனால் "கிரிக்கெட் தெரிஞ்சவர்தானே, நன்னா?" என்று கேட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தான். "நன்றாகத் தெரிந்தவர்" என்றேன்.

அன்று முதல் திட்டம் அவன் கைக்குப் போயிற்று. நுழைவுச்சீட்டுகள் அலைபேசியில்தான் வரும் என்பதால் அவன் தாயின் அலைபேசியில் பதிந்தான். பெரிய பைகளை உள்ளே விடமாட்டார்கள் என்று என் துணிப்பையைப் பறித்து வைத்தான். ஆட்டம் நள்ளிரவு வரை இழுக்குமோ என்று அஞ்சினேன். பந்து வீசுபவர் காலந்தாழ்த்தாதிருக்க அவ்வாண்டுதான் கடிகாரம் வைத்திருந்தார்கள். தளங்களில் ஆள் இல்லாதபோது 15 வினாடி, இருந்தால் 20 என்பது அப்பருவத்தின் விதியாக இருந்தது. அதற்கு முந்தைய ஆண்டில் சராசரியாக மூன்று மணி நேரத்திற்கு மேல் நடந்த ஆட்டம், அப்பருவத்தில் ஏறத்தாழ 2 மணி 40 நிமிடமாகக் குறைந்தது.

குறித்த நாளில் ஒரு மணி நேரம் முன்னதாகவே சென்றோம். ஆட்டத்தைவிட முதலில் எனக்கு ஒன்றைக் காட்ட வேண்டும் என்றான். வலப்புற வெளியில், பச்சை இருக்கைகளின் கடலுக்கு நடுவே ஒரே ஓர் இருக்கை மட்டும் சிவப்பு. 1946 ஜூன் 9 அன்று டெட் வில்லியம்ஸ் அடித்த பந்து 502 அடி பறந்து, அங்கு அமர்ந்திருந்தவரின் வைக்கோல் தொப்பியில் வந்து விழுந்ததாம். அதன் நினைவாக அந்த ஒன்றிற்கு மட்டும் சிவப்பு வண்ணம். பிறகு எங்கள் இருக்கைக்கு வந்தோம். தூண் ஏதும் மறைக்கவில்லை. அவன் என் நோட்டை விரித்துக் கட்டம் போட்டு, ஆடுவோர் நிற்கும் இடங்களுக்கு ஒன்று முதல் ஒன்பது வரை எண் எழுதிக் கொடுத்து, "நீங்க கணக்கு எழுதுங்க நன்னா, நான் சொல்றேன்" என்றான். முதல் இன்னிங்ஸிலேயே இரண்டு இடங்களில் தவறாக எழுதினேன். சிவப்புப் பென்சில் அவனிடம்தான் இருந்தது.

ஊர் திரும்பும் நாளில் அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் இன்னொரு படம் வரைந்து கொடுத்திருக்கிறான். 2003இல் பச்சை அரக்கனின் உச்சியிலும் இருக்கைகள் அமைத்தார்களாம். அடுத்த முறை அங்கே. அதன் விலையைக் கேட்டு என் மகள் இன்னும் வாய் திறக்கவில்லை. படிகள் எத்தனை என்று நானும் இன்னும் கேட்கவில்லை.