தலையெழுத்தும் முதலெழுத்தும்

'தலையெழுத்து' என்றொரு சொல் இருக்கிறதே, அதைவிடக் கொடிய சொல் நம் சிற்றூர்களில் வேறில்லை. வசதி படைத்தோர் பிள்ளை பாடத்தில் திணறினால், "கவனம் போதவில்லை" என்பர். பருத்திக் காட்டிலும் சுண்ணாம்புக்கல் சுரங்கத்திலும் பாடுபடுவோர் பிள்ளை திணறினாலோ, "அவன் தலையெழுத்து!" என்று தீர்ப்பு வந்துவிடுகிறது.

பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் இடைப்பட்ட ஊரொன்றின் அங்கன்வாடிக்கு நான் அவ்வப்போது செல்வதுண்டு. அங்கே ஒரு தாய் சொன்னார்: "எங்க வம்சத்துக்கே படிப்பு ஏறாதுங்க ஐயா. எழுத்தப் பாத்தாலே இவன் மெரளுறான்." மகனுக்கு வயது நான்கு! நான் மறுமொழி கூறவில்லை. சிறுவனை விளையாட அழைத்தேன்.

பலகையும் இல்லை, பலப்பமும் இல்லை. "மண், மழை, மக்காச்சோளம், வெங்காயம்: இதில் சேராதது எது?" என்றேன். "வெங்காயம்!" என்று கூவினான். அடுத்து, "முந்திரி" என்றேன். மழைக்கும் முந்திரிக்கும் உறவுண்டா? விரலை உதட்டில் வைத்துச் சொல்லிப் பார்த்தான். "ரெண்டுக்கும் வாய் ஒட்டுது" என்றான். எழுத்தறியாச் சிறுவன் சொல்லின் முதலொலியைப் பிடித்துவிட்டான், அம்மட்டோ! உயிர் மாறினும் மெய் மாறவில்லை என்னும் இலக்கண உண்மையையும் அல்லவா தொட்டுவிட்டான்!

இது புதுச் சரக்கன்று. இதழிரண்டும் கூடப் பிறப்பது மகரம் என்று தொல்காப்பியர் கண்டு சொன்னார். சொல்லுக்கு முதலில் வரும் எழுத்துகள் இவை, டகரமும் றகரமும் போல வாராதவை இவை என்றும் வகுத்தார். 'பம்பரம்' என்று சொல்லிப் பாருங்கள். முதலில் நிற்கும் பகரம் வல்லொலி. மகரத்தை அடுத்த பகரம் நெகிழ்ந்த ஒலி. 'தந்தை' என்பதிலும் அவ்வாறே. எழுத்து ஒன்று, ஒலி இரண்டு! இவ்வெழுத்துகள் தம் வல்லொலியோடு நிற்கும் இடம் சொல்லின் தொடக்கம். கற்பித்தலை அங்கே தொடங்குவதன்றோ அறிவுடைமை?

நாம் செய்வதென்ன? நல்ல நாள் பார்க்கிறோம், நெல்லைப் பரப்புகிறோம், பிஞ்சு விரலைப் பற்றி 'அ' எழுத வைக்கிறோம். விரல் நகர்கிறது, செவி உறங்குகிறது. பின்னர் 'கொக்கு' வருகிறது. காது முதலில் கேட்பது ககரம். கண் முதலில் காண்பதோ கொம்பு! பெரியார் 1935இல் முன்வைத்த எழுத்துச் சீர்திருத்தத்தை அரசு 1978இல் ஏற்றது. பல எழுத்துகள் எளிமையுற்றன. ஆயினும் கொம்பு இன்றும் முன்னேதான் நிற்கிறது. முதலொலியைச் செவியால் உணர்ந்த பிள்ளை அத்தடையைத் தாண்டும். உணராத பிள்ளை மிரளும். அந்த மிரட்சிக்கு நாம் சூட்டிய பெயர்தான் தலையெழுத்து!

1975இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தால் ஊர்தோறும் அங்கன்வாடி உண்டு. 2022இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டம், எட்டு வயதுக்குள் பிள்ளைகள் பொருளுணர்ந்து படிக்க வேண்டும் என்கிறது. எட்டில் அறுவடை வேண்டுமெனில், நான்கில் விதைக்க வேண்டாமா?

இளைஞர்களே! வாரம் அரைமணி நேரம் போதும். உங்கள் தெருப் பிள்ளைகளோடு அமருங்கள்; அவர்கள் அறிந்த பயிரின் பெயரையும் பறவையின் பெயரையும் சொல்லி, "எந்த ஒலியில் தொடங்குகிறது?" என்று கேளுங்கள். காசும் வேண்டா, கருவியும் வேண்டா. தலையெழுத்தைக் கண்டவர் எவருமில்லை; முதலெழுத்தோ ஒவ்வொரு பிள்ளையின் உதட்டிலும் காத்திருக்கிறது!