பயத்தின் அசல் பிரதி

1931-ல் வந்த ‘டிராகுலா’வின் பின்னணிச் சங்கீதத்தை இசைத்தட்டில் தேடிப் புறப்படுகிறவனைக் கண்டால் எனக்கு இரக்கமாக இருக்கும், ஏனெனில் படம் வந்தபோது அப்படி ஒரு சங்கீதம் இயற்றப்படவே இல்லை. பெயர்கள் ஓடும்போது சைகாவ்ஸ்கியின் ‘ஸ்வான் லேக்’கிலிருந்து கொஞ்சம் இரவல் வாங்கி வைத்தார்கள், அப்புறம், நாடகக் கொட்டகைக் காட்சியில் கேட்பதைத் தவிர, பேலா லுகோஸியின் பிரபு படியிறங்கி வருவதும், உறங்குகிற பெண்ணின் கழுத்தை நோக்கிக் குனிவதும் நிசப்தத்திலேயே நடந்து முடிகின்றன.

நான் தேடி அலைந்தது அதைவிடச் சற்று நியாயமான வஸ்து. 1934-ல் பெர்லின் தெருவில் நாஜிக் குண்டர்களிடம் அடிபட்டு, பாரிஸ் வழியாக ஹாலிவுட் போய்ச் சேர்ந்த பிரான்ஸ் வாக்ஸ்மன், மறு வருஷமே ‘பிரைட் ஆப் பிராங்கன்ஸ்டைன்’ படத்துக்கு அமைத்த சங்கீதம் அது. மணப்பெண்ணுக்கு உயிரூட்டுகிற அந்த நீண்ட காட்சியில், சுற்றிலும் இயந்திரங்கள் பொறி கக்கிக்கொண்டிருக்க, எல்லாவற்றுக்கும் அடியில் டிம்பனி முரசு, இன்னும் துடிக்கத் தொடங்காத ஓர் இருதயத்துக்கு முன்கூட்டியே தாளம் சொல்லிக் கொடுப்பதுபோல, ஒரே நிதானமாக ஒலித்துக்கொண்டே இருக்கிறது. பயமுறுத்த வேண்டிய இடத்தில் இத்தனை பொறுமை காட்டுவதற்கு அசாத்தியமான மனோதைரியம் வேண்டும். கண் விழித்த மணமகளோ மாப்பிள்ளையைக் கண்டு சீறுகிறாள். அந்தச் சீறலை லண்டன் ரீஜெண்ட்ஸ் பார்க் அன்னங்களிடமிருந்து கற்றதாக எல்சா லாஞ்செஸ்டர் சொல்லியிருக்கிறார். ஆக, யூனிவர்ஸல் கம்பெனியின் பயங்கரங்களுக்கு அன்னப்பட்சிகள் இரண்டு தடவை உபகாரம் செய்திருக்கின்றன.

இத்தகைய சங்கீதத்தைத் தட்டாக்கி விற்கலாம் என்ற யோசனை அக்காலத்து ஸ்டூடியோக்காரர்களுக்கு வரவில்லை. சிக்கனத்தில் கைதேர்ந்த அவர்கள், அதையே எடுத்து ‘பிளாஷ் கார்டன்’ தொடரில் ஆகாயக் கப்பல்களுக்குப் பின்னாலும் ஓடவிட்டார்கள். ஆகவே அசல் இருப்பதென்னவோ படச்சுருளின் ஓரத்தில், இடியோடும் வசனத்தோடும் பிரிக்க முடியாமல் கலந்து.

1990-களில் ஜான் மார்கன் என்பவர், எஞ்சியிருந்த சுருக்கக் குறிப்புகளைக் கொண்டு ‘வுல்ப் மேன்’ முதலிய படங்களின் சங்கீதத்தை அரும்பாடுபட்டுப் புதுக்கி எழுத, வில்லியம் ஸ்ட்ராம்பர்க் மாஸ்கோ ஸிம்பனி கோஷ்டியாரைக் கொண்டு அதை வாசிக்கச் செய்தார். குறை சொல்ல இடமில்லாத வாசிப்பு. ஆனால் பழைய ஒலிப்பதிவின் கரகரப்பும் நெரிசலும் போய், ஒவ்வொரு வாத்தியமும் பளிச்சென்று தனித்தனியே கேட்கும்போது, ஓநாய் மனிதன் க்ஷவரம் செய்துகொண்டு வந்திருப்பதாக எனக்கு ஒரு சந்தேகம் தட்டுகிறது.

அசலை உண்டாக்கியவரே திரும்ப வாசித்தால்? ‘சைக்கோ’ வந்த 1960-ல் அதற்கு இசைத்தட்டு கிடையாது. பெர்னார்ட் ஹெர்மன், தந்தி வாத்தியங்களை மட்டும் கொண்டு தாம் எழுதிய அந்தச் சங்கீதம் முழுவதையும் தமது கடைசி வருஷமான 1975-ல் நேஷனல் பில்ஹார்மோனிக் கோஷ்டியோடு மறுபடி பதிவு செய்தார். அந்தத் தட்டு கைக்கு வந்த இரவு, கதாநாயகி எஜமானரின் வாடிக்கைக்காரர் கொடுத்த 40,000 டாலரோடு காரில் பறக்கிற பகுதியை வைத்துவிட்டு, அந்தகாரத்தில் பரவசமாய் உட்கார்ந்திருந்தேன். படத்தில் உள்ளதைவிட ஓட்டம் நிதானம்தான்; அதை ஒப்புக்கொள்ள எனக்கு மனமில்லை. கதவருகே வந்து நின்று சற்றுக் கேட்ட என் சம்சாரம், “ஏன், இந்தப் பெண் பணத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாளா, பிராகாரம் சுற்றுகிறாளா?” என்று விசாரித்துவிட்டு, விளக்கையும் போட்டுவிட்டுப் போய்விட்டாள்.

அதற்குச் சில வருஷங்கள் முன்னரே லண்டன் பில்ஹார்மோனிக் கோஷ்டியோடு ஹெர்மன் அதில் ஒரு பகுதியைப் பதிவு செய்திருக்கிறார், அதையும் வரவழைத்தாயிற்று. அதில் அவள் எந்த வேகத்தில் போகிறாள் என்று வீட்டில் இன்னும் அபிப்பிராயம் கேட்கவில்லை.